கைக்கு எட்டும் சங்கரநாராயணர்

சங்கரன்கோவில் கோயில் வாசலில் தேங்காய், பழத்தட்டு விற்கும் கடைகளின் ஓரத்தில் மெல்லிய தகட்டு உருக்கள் தொங்கும். பாம்பு, தேள், கண், கை, கால். வீட்டில் பூச்சிபொட்டுத் தொல்லை என்றால் பாம்பும் தேளும். கண்ணில் கோளாறு என்றால் ஒரு சோடி கண்மலர். வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு போவது இந்த வட்டாரத்துப் பழக்கம். அந்தத் தேள் தகட்டை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தடவிப் பாருங்கள். வாலின் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். முடிவில் வளைந்து நிற்கும் கொடுக்கு, முன்னால் இரண்டு இடுக்கிகள். தேள்தான், சந்தேகமே வராது. கண்மலரைத் தடவினால் அப்படி இல்லை. இரண்டு முனையும் கூராக ஒரு விளிம்பு, நடுவே ஒரு புடைப்பு. பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குக் கண் என்பது இமைக்கு அடியில் உருளும் உருண்டை. அவர் கையில் கண்மலரைக் கொடுத்து ‘இது கண்’ என்றால், எப்படி என்று கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது கண்ணுள்ளவர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட ஒரு சித்திரக் குறி.

பார்வையற்றவர்களுக்காகத் தொட்டறியும் படங்கள் செய்கிறவர்களின் சங்கடம் முழுக்க இந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. கோட்டை மேடாக்கிவிட்டால் படம் விரலுக்குப் புரிந்துவிடும் என்று நூறு வருடத்துக்கும் மேலாக நம்பிவந்தார்கள். தேளுக்குப் பலிக்கும், கண்ணுக்குப் பலிக்காது என்பதைக் கணக்கில் எடுக்க ஆரம்பித்தது அண்மையில்தான்.

அந்தக் காலத்தில் பார்வையில்லாத ஒருவர் இந்தக் கோயிலை எப்படி அறிந்திருப்பார்? ஒன்பது நிலை, 125 அடி ராஜகோபுரத்தின் உயரம் அவருக்கு எட்டாது. அதன் வாசலில் வீசும் குளிர்ந்த காற்றும் காலில் இடறும் நிலைப்படியும் எட்டும். உள்ளே போனால் தூண்கள். பாண்டி நாட்டுக் கோயில் தூண்களில் எண்ணெயும் கையும் பட்டுப்பட்டுச் சிற்பங்களின் மூக்கும் முழங்காலும் வழவழத்துப் போயிருக்கும். அவற்றில் பாதி தேய்மானம் கண்ணுள்ளவர்களின் கைவண்ணம். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களோ தட்டினால்தான் தங்களைச் சொல்லும். கோமதி அம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் இருக்கும் சக்கரத்தில் மனம் பேதலித்தவர்களைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். உடம்பு முழுவதும் உள்ளே இறங்கி அமரும் வழிபாடு அது. ஆடித்தபசுக்கு முன்னால் நேர்ந்துகொண்டு நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிறவருக்குப் பிராகாரத்தின் கல் ஒவ்வொன்றும் உள்ளங்காலுக்குத் தெரியும்.

மூலவர் மட்டும் யாருடைய கைக்கும் எட்டாதவர். சங்கரலிங்கத்துக்கும் கோமதி அம்மனுக்கும் நடுவில், பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணர் சந்நிதியில் காலைப் பூசையில் துளசித் தீர்த்தமும் மற்ற வேளைகளில் திருநீறும் தருவது வழக்கம். உள்ளே நிற்பவர் ஒருவரா இருவரா என்ற செய்தியை நாக்கும் விரலும் சொல்லிவிடும். எப்படி நிற்கிறார் என்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

“ஏட்டி, இன்னைக்கு அம்மைக்கு என்ன பட்டு சாத்திருக்கு?”

“பச்சை, சித்தி. மூக்குத்தி பளபளன்னு மின்னுது.”

இந்த மாதிரிப் பேச்சு தீபாராதனை நேரத்தில் எந்தக் கோயிலிலும் காதில் விழும். காது கேளாத கிழவிக்குக் கைச்சாடை, கண் தெரியாத கிழவிக்கு வாய்ச்சொல். காசு வாங்காத வர்ணனையாளர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

அதற்காக அது பொற்காலம் என்று எழுத எனக்கு மனமில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1939-இல்தான். அதுவரை கண் நன்றாகத் தெரிந்தும் கோபுர வாசலுக்கு வெளியே நின்றவர்கள் இந்தச் சீமையில் ஏராளம். பார்வையில்லாத ஒருவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்பதை வைத்துத்தான் தூண் அவர் கைக்கு எட்டியது. அன்று தூணுக்கும் அவருக்கும் நடுவில் சாதி நின்றது. இன்று பல கோயில்களில் சிற்பத்துக்கும் கைக்கும் நடுவில் கம்பி வேலி நிற்கிறது. சிற்பத்தைக் காப்பாற்ற வேலி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலி கண்ணுள்ளவரிடமிருந்து கொஞ்சத்தை எடுக்கிறது, மற்றவரிடமிருந்து முழுவதையும் எடுத்துவிடுகிறது.

படிப்பின் கதை பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. சங்கரன்கோவிலிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். சி.எம்.எஸ். மிஷனைச் சேர்ந்த ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் அங்கே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் 1887-இல் தொடங்கிய பள்ளிக்கு மூன்றே வருடம் இளையது. நாட்டிலேயே ஆக மூத்த பள்ளிகளில் ஒன்று. ஆளுக்கொரு பிரெயில் முறை வைத்துக்கொண்டிருந்த இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-இல் பாரதி பிரெயில் வந்தது. ஆறு புள்ளிக்குள் தமிழும் இந்தியும் வங்காளமும் அடங்கின. இன்று செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் சங்க நூல்களையே பிரெயிலில் கொண்டுவந்திருக்கிறது. குறுந்தொகையை விரலால் படிக்கலாம்.

எழுத்து வந்தது, படம் வரவில்லை. படம் வேண்டுமென்றால் வாத்தியார்தான் செய்ய வேண்டும். பெரிய அட்டையில் நூலை ஒட்டினால் நாட்டின் எல்லை. சணல் கயிறு ஆறு, உப்புத்தாள் மலை, புளியங்கொட்டை தலைநகரம். வடிவியல் படத்துக்குத் தையல்காரர் துணியில் குறி போடும் பல்சக்கரத்தைத் தாளின் பின்பக்கம் உருட்டினால் முன்பக்கம் புள்ளிப் புள்ளியாகக் கோடு எழும். பின்பக்கம் வரைவதால் எல்லாம் இடம் வலம் மாறி வரும் என்பதை நினைவில் வைத்து வரைய வேண்டும். ஒரு பிரதிதான். நாற்பது பிள்ளைகளின் கை பட்டு, அரைப் பரீட்சைக்குள் தாமிரபரணி பாதியில் பிய்ந்து தொங்கும். அந்த வாத்தியார்களின் பொறுமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் ஒட்டியது கண்ணால் பார்த்த வரைபடத்தை. வளைவு நெளிவு ஒன்றுகூட விடாமல் கடற்கரையைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டு, பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் பிள்ளை மந்தம் என்றுதான் பொருள் கொண்டார்கள்.

படமே இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. சி.பி.எஸ்.இ. கேள்வித்தாளைப் புரட்டினால், படமோ வரைபடமோ சம்பந்தப்பட்ட கேள்விக்குக் கீழே, அதற்குப் பதிலாகப் பார்வையற்ற மாணவர்களுக்கு மட்டும் என்று வேறொரு கேள்வி இருக்கும். இரக்கத்தால் வந்த ஏற்பாடு, தேர்வில் அது நியாயமும்கூட. இதயத்தின் நான்கு அறைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று ஒரு தடவைகூடத் தொட்டு அறியாமல் பள்ளி முடித்தவர்கள் இந்த இரக்கத்தின் மிச்சம்.

அருங்காட்சியகம் இதைவிடக் கறார். சென்னை அருங்காட்சியகம் தொடங்கியது 1851-இல். எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் உள்ள அந்தக் கட்டடத்தின் வழக்கம் உலகத்து அருங்காட்சியகங்களின் வழக்கம்தான்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொருள், இந்தப் பக்கம் ‘தொடாதீர்’. கை எண்ணெயும் வியர்வையும் உலோகத்தை அரிக்கும், கல்லைத் தேய்க்கும். உண்மை. ஆனாலும் இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டியஸ் என்ற பொறுப்பாளர் 1913 வாக்கிலேயே பார்வையற்ற பிள்ளைகளைக் கூட்டிவந்து, பாடம் பண்ணிய விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் கையில் கொடுத்தார். அந்தப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. இத்தாலியின் அன்கோனாவில் பார்வையற்ற ஒரு தம்பதி முன்னின்று 1993-இல் தொட்டறியும் அருங்காட்சியகத்தையே உண்டாக்கினார்கள். பாரிஸின் லூவர் 1995-இல் தொடும் கூடம் திறந்தது. மாட்ரிட்டின் பிராடோ 2015-இல் ஓவியங்களையே புடைப்பாக அச்சிட்டுத் தொடச் சொன்னது. அதே 2015-இன் இறுதியில் தில்லி தேசிய அருங்காட்சியகம் ‘அனுபவ்’ என்ற கூடத்தைத் திறந்தது. தன் சேகரிப்பிலிருந்து 22 பொருள்களின் நகல்கள், பிரெயில் குறிப்பு, ஒலி வழிகாட்டி. நகல் தேய்ந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம், அசலுக்குச் சேதமில்லை. இவ்வளவு எளிதான தீர்வுக்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டால், யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கருவிகளும் மாறியிருக்கின்றன. ஒரு மூலப்படிவத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துச் சூடாக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், தாள் அப்படியே அச்சில் படிந்து மேடுபள்ளமாகிவிடும். ஒரு பிரதிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்னொரு வகைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து வெப்பவிளக்குக்கு அடியில் விட்டால், கறுப்பு உள்ள இடம் மட்டும் சூட்டை வாங்கி உப்பும். தில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் முதலானோர், மூலப்படிவத்தைக் கையால் செதுக்காமல் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கிளைத்ததுதான் ரெய்ஸ்டு லைன்ஸ் ஃபவுண்டேஷன். என்.சி.இ.ஆர்.டி. அறிவியல், கணிதப் பாடப்படங்கள் அப்படித்தான் கட்டுக்கட்டாக அச்சாயின. பழைய வாத்தியாரின் ஒற்றைப் பிரதி இப்போது ஆயிரம் பிரதி. தாமிரபரணி பிய்யாது.

ஆயிரம் பிரதி எடுக்கும் வசதி, ஆயிரம் தடவை தவறு செய்யும் வசதியும்தான். எதை வரைவது என்ற கேள்வி அங்கேயே இருக்கிறது.

ஏ4 அளவுத் தாளில் சங்கரநாராயணரை எழுப்பவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வலப்பாதி சிவன்: சடை, பிறை, மழு, பாம்புக் குண்டலம், உருத்திராக்க மாலை, புலித்தோல். இடப்பாதி திருமால்: மணிமகுடம், சங்கு, துளசி மாலை, பீதாம்பரம். கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. முதலில் முழு உருவம், பிறகு விவரம். விரல் தலைகீழாக வேலை செய்கிறது. துண்டு துண்டாகத் தடவி, ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து, கடைசியில்தான் முழு உருவத்தைக் கூட்டும். அதுவும் விரல்நுனிக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு புள்ளியை இரண்டாக உணர ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பிரெயில் புள்ளிகளுக்கு நடுவே இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு இடம் விட்டிருப்பது இதை ஒட்டித்தான். வட அமெரிக்கப் பிரெயில் ஆணையம் 2010-இல் தொட்டறியும் படங்களுக்கு வெளியிட்ட நெறிமுறைகள், கோட்டுக்கும் கோட்டுக்கும் 3 மில்லிமீட்டராவது விடச் சொல்கின்றன.

இந்தக் கணக்கோடு மாலைக்கு வாருங்கள். ஏ4 தாளில் உருத்திராக்க மணிகளை ஒவ்வொன்றாக எழுப்பினால், அது விரலுக்கு மாலையாகவும் இருக்காது, மணியாகவும் இருக்காது. வெறும் சொரசொரப்பு. பக்கத்திலேயே பாம்பு, பூணூல், கையின் விளிம்பு எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். ஆகவே மாலையை எடுத்துவிட வேண்டும். இந்த இடத்தில் ஸ்தபதி ஒருவர் உட்கார்ந்திருந்தால் எழுந்து போய்விடுவார். குருக்கள், உருத்திராட்சம் இல்லாத சிவனா என்பார். அவர்கள் கோபம் நியாயமானது. இருந்தாலும் முதல் தாளில் மாலை கூடாது. முதல் தாளில் உருவத்தின் வெளிக்கோடு, உச்சி முதல் பாதம் வரை நடுவே ஒரு தடித்த கோடு, இடுப்புக்குக் கீழே இரு பக்கமும் இரு வகைத் தளம். அவ்வளவு போதும். இரண்டாம் தாள் தலை மட்டும்: ஒரு பக்கம் ஒழுங்கில்லாமல் சுருண்ட சடை, அதில் பிறை, மறுபக்கம் நேர்விளிம்பாக ஏறும் மகுடம். மாலைகளுக்கும் ஆயுதங்களுக்கும் மூன்றாம் தாள். நிழல், தூரத்துப் பொருளைச் சிறிதாக்கும் உத்தி, திரும்பிய முகம் இவையெல்லாம் கண்ணுக்கான சமாளிப்புகள். விரலுக்கு இவற்றால் குழப்பம்தான்.

தளத்துக்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டாம். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிக்கூடத்தில் ஒதுக்கும் வெட்டுத்துணியில் வழுவழுப்பான சேலைத்துணியும் கிடைக்கும், முரட்டுத் துண்டும் கிடைக்கும். மூலப்படிவத்துக்குப் பீதாம்பரம் ஒன்று, புலித்தோல் மற்றொன்று. கணினியில் வரைந்த புள்ளித்தளத்தைவிட இது விரலுக்குச் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும். சாமியின் வலப்பக்கம், தாளில் படிப்பவரின் இடக்கைப் பக்கம் வரும். கண்ணுள்ளவர் எதிரே நிற்கும் மனிதர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகியதால் இது தன்னால் புரிந்துவிடும். பார்வை இல்லாதவர் உடம்பை அறிவது தன் உடம்பைக் கொண்டு. ‘சிவன் வலப்பக்கம்’ என்று சொல்லித் தாளைக் கொடுத்தால் அவர் கை வலப்பக்கம் போகும், அங்கே மகுடம் தட்டுப்படும், குறிப்பு தவறு என்று நினைப்பார். கையளவு சிலையாகச் செய்தால் சிக்கல் தீரும். சிலையைத் தன்னைப் போலவே வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிவைத்துக்கொண்டு பின்னாலிருந்து தடவலாம். தாளுக்கு அந்த வசதி இல்லை. ‘தாளில் உங்கள் இடக்கைப் பக்கம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் நாம் அறையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது என்பதே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அன்று செய்தவர் கண்ணுள்ளவர், சரி பார்த்தவரும் கண்ணுள்ளவர். இன்று ஒழுங்காக வேலை செய்யும் இடங்களில், பார்வையற்ற ஒருவர் தடவிப் பார்த்து, யாரும் எடுத்துக்கொடுக்காமல் ‘இது இன்னது’ என்று சொல்லும்வரை படம் அச்சுக்குப் போவதில்லை. அவர் திருப்பி அனுப்பினால் திரும்ப வரைகிறார்கள். மும்பையைச் சேர்ந்த சித்தாந்த் ஷா, மரபுச் சின்னங்களில் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர், ஓவியக் கூடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் தொட்டறியும் படங்கள் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார். இப்படி ஒரு தொழில் இருக்க முடியும் என்று அந்தக் கால பாளையங்கோட்டை வாத்தியாரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஒழுங்காக வேலை செய்யாத இடங்களே அதிகம். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பிரெயில் பலகை, திறப்பு விழா, புகைப்படம், முடிந்தது. பலகை அங்கே இருப்பது பார்வையற்றவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் நினைப்பதில்லை. நடு வயதுக்கு மேல் சர்க்கரை நோயாலும் கண் அழுத்த நோயாலும் பார்வையை இழந்தவர்களில் பெரும்பாலோர் பிரெயில் படித்தவர்களும் அல்ல. அவர்களுக்குப் படத்தோடு குரல் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 29-ஆம் பிரிவு கலைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி செய்யச் சொல்கிறது. பலகை மாட்டியதும் பிரிவு 29 நிறைவேறிவிட்டது என்று கோப்பில் எழுதிக்கொள்ள முடிவதுதான் அதன் பலவீனம்.

சங்கரன்கோவிலைச் சுற்றி இந்தக் கைகளுக்குக் காத்திருப்பவை கொஞ்சமில்லை. தென்காசி மாவட்டத்திலேயே திருமலாபுரம் குடைவரை, முற்காலப் பாண்டியர் ஓவியத்தின் மிச்சம் உள்ள இடம். சுவரில் தடவினால் கல்தான் தட்டுப்படும், ஓவியத்துக்குத் தாள்தான் வழி. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 2023-இல் அகழாய்வுக் குழியின் மேலேயே கண்ணாடித் தரை போட்டு, தாழிகளை நடந்தபடி குனிந்து பார்க்கவைத்திருக்கிறார்கள். அழகான ஏற்பாடு. பார்வையில்லாதவருக்கு அது வழுக்கும் தரை, வேறொன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு தாழியின் நகலை நிறுத்தினால் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அளவு அறியலாம், தலையை உள்ளே விட்டுக் குரல் கொடுத்தும் பார்க்கலாம். காருகுறிச்சியில் இன்றும் குயவர் சக்கரம் சுற்றுகிறது. மண்ணுக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை.

எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது கழுகுமலை. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் 20 கிலோமீட்டர் அளவில். அங்கே வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் மலையின் ஒரு பகுதியை மூன்று பக்கமும் வெட்டிப் பிரித்து, மேலிருந்து கீழாகச் செதுக்கிவந்து, முடிக்காமல் விட்டது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிக்கிறார். இந்தக் கோயிலை நேரில் தொட்டும் புரிந்துகொள்ள முடியாது. கைக்கு அகப்படுவது பாறைச் சுவர். மலைக்குள்ளிருந்து ஒரு கோயில் எழுந்து நிற்கிறது, அடிப்பாகம் இன்னும் மலையாகவே இருக்கிறது என்ற விஷயம், முழத்தில் ஒரு மாதிரி கையில் கிடைத்தால் ஒழிய, கண்ணில்லாதவருக்குத் தெரிய வழியில்லை. மேலே சமணர் புடைப்புச் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்தும் இருக்கின்றன. கல்லில் பள்ளமாக வெட்டிய எழுத்து. வரியொன்றை நகலெடுத்து வைத்தால், விரலோட்டத்தில் தெரிந்துகொள்ள அதைவிடத் தோதானது எது?

மாதிரியை மலைமேல் வைக்க வேண்டாம், படியேற முடியாதவர்களும் இருக்கிறார்கள். அடிவாரத்தில், இடுப்பு உயர மேடையில், நாலு பக்கமும் கை போக இடம்விட்டு வைக்கலாம். மேலே கூரை கட்டாயம். கவனமில்லாமல் வெண்கலத்தில் வார்த்து வெட்டவெளியில் வைத்துவிட்டால், சித்திரை மாதத்தில் பத்து மணிக்கு மேல் யாரும் அதில் கை வைக்க முடியாது. பாளையங்கோட்டைப் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிவந்து, மெழுகிலோ மரத்திலோ செய்த முதல் மாதிரியைக் கையில் கொடுத்து, கோயில் எங்கே ஆரம்பிக்கிறது, மலை எங்கே முடிகிறது என்று கேட்க வேண்டும். அவர்கள் சரியாகச் சொன்ன பிறகு மேடைக்கு அஸ்திவாரம் தோண்டலாம்.